ஓவியர், சிற்பிகளுக்கு அறக்கட்டளை நிதி: சேலத்தில் இருந்தபடியே விண்ணப்பிக்க முழுமையான வழிகாட்டி

புதிதாக விண்ணப்பிக்கிறவர்கள் முதலில் உட்கார்ந்து தன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அறக்கட்டளை அலுவலகத்தில் முதலில் தகுதியைப் பார்த்துச் சலிப்பார்கள். அதில் தேறியவரின் படங்களைத்தான் நடுவர்கள் பார்ப்பார்கள். படம் பிடித்திருந்தால்தான் எழுத்துக்கு வருவார்கள். ஆகவே நம் வேலையும் அதே வரிசையில் நடக்க வேண்டும்: தகுதி, தாள்கள், படங்கள், கணக்கு, எழுத்து.

முதல் முறை விண்ணப்பிக்கிறவருக்கு எட்டு வாரம் தேவை. அதில் மூன்று வாரம் படம் எடுக்கவும் திருத்தவும் போய்விடும்.

1. எந்தக் கதவு உங்களுடையது என்று பாருங்கள்

"கலைஞர்களுக்கு நிதி" என்று பொதுவாக எதுவும் கிடையாது. ஒவ்வொரு அறக்கட்டளையும் ஒரு குறிப்பிட்ட வகைக் கலைஞரை மனதில் வைத்தே பணம் கொடுக்கிறது. விதிகளில் "யாருக்குத் தருவோம்" என்ற பகுதியைவிட "யாருக்குத் தரமாட்டோம்" என்ற பகுதியை முதலில் படியுங்கள். ஒதுக்கப்படும் காரணங்கள் முக்கால்வாசி அங்கேதான் எழுதியிருக்கும்.

நியூயார்க்கில் உள்ள போலக்-கிராஸ்னர் அறக்கட்டளை எந்த நாட்டுக் கலைஞரின் விண்ணப்பத்தையும் ஏற்கிறது. ஓவியர், சிற்பி, அச்சுக்கலைஞர் உட்படத் தாளில் வேலை செய்பவர் ஆகியோருக்கு உரியது. மாணவர், வீடியோ கலைஞர், நிகழ்த்துகலைஞர், வணிகக் கலைஞர், கைவினைஞர் ஆகியோருக்கு இல்லை. கலைத்தரம், பணத்தேவை இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்கள். படைப்பு அருமையாக இருந்து தேவை தெளிவாகத் தெரியாவிட்டாலும் கைவிட்டுப் போகும்.

நியூயார்க்கில் உள்ள அடால்ஃப் அண்ட் எஸ்தர் கோட்லீப் அறக்கட்டளை மூத்தவர்களுக்கானது. அதன் தனிநபர் நிதிக்கு, முதிர்ந்த நிலையில் குறைந்தது 20 ஆண்டுகள் வேலை செய்திருக்க வேண்டும். அவசர உதவிக்கு 10 ஆண்டுகள். தீ, வெள்ளம், திடீர் மருத்துவச் செலவு போன்ற எதிர்பாராத அடிக்குத்தான் அவசர உதவி. பல ஆண்டுகளாகத் தொடரும் பணக்கஷ்டத்துக்கு அது கிடைக்காது.

கனடாவின் மாண்ட்ரியலில் உள்ள எலிசபெத் கிரீன்ஷீல்ட்ஸ் அறக்கட்டளை, தொழிலின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு. உருவம் தெரிகிற ஓவியம், கோட்டோவியம், அச்சு, சிற்பம் மட்டும். அரூப ஓவியம் வரைகிறவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் ஒரு குறிப்பிட்ட செயல்திட்டத்துக்குப் பணம் தருகிறது. அங்கே தமிழிலேயே எழுதி அனுப்பலாம். ஆங்கிலம் தடையாக இருக்கிறவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. இளம் இந்தியக் கலைஞர்களுக்கு இன்லாக்ஸ் சிவதாசானி அறக்கட்டளையின் நுண்கலை விருதும் உண்டு; அதில் வயது வரம்பை முதலில் பாருங்கள்.

லலித் கலா அகாடமியும் மத்தியப் பண்பாட்டு அமைச்சகமும் தரும் உதவித்தொகைகள் அரசுத் திட்டங்கள். அவற்றின் படிவம், சான்றிதழ், நடைமுறை எல்லாம் வேறு. ஒன்றுக்குத் தயாரித்ததை அப்படியே மற்றொன்றுக்கு அனுப்பாதீர்கள்.

சேலத்தில் அடிக்கடி எழும் குழப்பம் ஒன்று இருக்கிறது: சிற்பமா, கைவினையா? செவ்வாப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்குப் புது டிசைன் போடுவது கைவினை. அதே பட்டறைக் கழிவு உலோகத்தைப் பற்றவைத்து, விற்பனைப் பொருளாக அல்லாமல் தனிப் படைப்பாக உருவாக்குகிறவர் சிற்பி. ஏற்காட்டில் காப்பிச் செடியின் வேரில் பொம்மை செதுக்கிக் கடையில் வைக்கிறவரும், அதே வேரில் காட்சிக்கான படைப்பு செய்கிறவரும் இப்படித்தான் பிரிகிறார்கள். வேலை எதில் செய்யப்பட்டது என்பதைவிட எதற்காகச் செய்யப்பட்டது என்பதே எடைபோடப்படும்.

2. வெளிநாட்டுப் பணம் நீங்கள் வாங்கலாமா

நிதி கிடைத்த பிறகு இதை யோசிக்கிறவர்கள் உண்டு. அப்போது யோசித்துப் பயனில்லை.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, அதன் 3ஆம் பிரிவில், வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாதவர்களைப் பட்டியலிடுகிறது. அரசு ஊழியர், அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களின் ஊழியர், தேர்தல் வேட்பாளர் எல்லாம் அதில் உண்டு. அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியரும் சேலம் உருக்காலை ஊழியரும் இதைக் கவனிக்க வேண்டும். பதிவு பெற்ற பத்திரிகையின் கார்ட்டூனிஸ்ட் என்ற சொல்லும் அந்தப் பட்டியலில் நேரடியாக இருக்கிறது. மாதம் நான்கு கார்ட்டூன் போட்டுக்கொண்டே ஓவியமும் வரைகிறவர்கள் நம்மில் பலர். இந்த ஒரு சொல்லைப் படிக்காமல் விட்டால் பிறகு சிக்கல்.

உதவித்தொகை, ஸ்டைபண்டு, அதைப் போன்ற தொகைகளுக்கு 4ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. நீங்கள் கேட்கும் நிதி அந்த விலக்கில் அடங்குமா, உங்களுக்குப் பதிவோ முன் அனுமதியோ தேவையா என்று இந்தச் சட்டம் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். பணம் வரும் நாளில் வங்கி கேட்கப்போவதும் இதைத்தான்.

அந்த விலக்கு பொருந்தாது என்றால், அரசுப் பணியில் இருப்பவருக்கு இந்திய அறக்கட்டளைகளே வழி. அதற்கும் துறையின் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

3. பெயரை ஒன்றாக்குங்கள்

நம்மூர்க்காரர்கள் அதிகம் தடுக்கிவிழும் இடம் இனிஷியல்.

ஆதாரில் ஒரு பெயர், பான் கார்டில் அப்பா பெயர் விரிந்த வேறொரு பெயர், வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால், கண்காட்சி அழைப்பிதழில் இனிஷியலே இல்லாமல் புனைபெயர். நான்கும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும். வெளிநாட்டில் படிவம் பார்க்கிறவருக்கு நான்கு ஆட்கள். பணம் வரும்போது பெயர் பொருந்தவில்லை என்று வங்கி நிறுத்திவைக்கும்.

பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியே முதல் பெயர், கடைசிப் பெயர் கட்டங்களை நிரப்புங்கள். இல்லாவிட்டால் பான் கார்டைப் பின்பற்றுங்கள். வங்கிக் கணக்கையும் அதற்கேற்ப மாற்றுங்கள். கிளைக்கு இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும் என்பதால் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். புனைபெயரில் அறியப்பட்டவர், தன்விவரத்தின் முதல் வரியில் "இன்ன பெயரில் காட்சிப்படுத்துகிறேன்" என்று எழுதினால் போதும்.

4. தொழில்முறைக் கலைஞர் என்பதற்கு ஆதாரம் சேருங்கள்

சேலத்தில் நுண்கலைக் காட்சிக்கூடங்கள் குறைவு. அதற்காகத் தன்விவரம் காலியாக இருக்க வேண்டியதில்லை. சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமி மண்டல மையம், சோழமண்டலம் ஓவியர் கிராமம், பெங்களூர், கொச்சி என்று எங்கே குழுக் காட்சியில் கலந்துகொண்டிருந்தாலும் ஆண்டு, இடம், காட்சியின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். புதியது மேலே, பழையது கீழே. இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம்.

அழைப்பிதழ், கையேடு, நாளிதழ்ச் செய்தி எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள். படைப்பு விற்றிருந்தால் ரசீது நகல்.

மாவட்டக் கலை மன்றத்தின் கலை வளர்மணி, கலைச்சுடர்மணி போன்ற விருதுகளை வாங்கியிருந்தால் விருதின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். "தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் வயதுப் பிரிவு வாரியாக வழங்கப்படும் விருது" என்று அரை வரி விளக்கம் சேருங்கள். கோடை விழா அரங்கில் படம் வைத்ததையும் எழுதலாம், ஆனால் தனிநபர் கண்காட்சி என்ற தலைப்பின்கீழ் வேண்டாம். ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

5. படைப்புகளைத் தேர்ந்தெடுங்கள்

பத்துப் படம் கேட்டால், பத்து விதத்தைக் காட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நிலக்காட்சி, ஒரு உருவப்படம், ஒரு அரூபம், ஒரு கோயில் சிற்பம். நடுவருக்கு அது ஒரு பள்ளிக் கண்காட்சி போலத் தெரியும். கடந்த மூன்று ஆண்டுகளில் ஒரே தேடலில் பிறந்த வேலைகளை மட்டும் எடுங்கள். எட்டு வலுவான படங்களோடு இரண்டு சுமாரான படங்களைச் சேர்த்தால் அந்த இரண்டுதான் நினைவில் நிற்கும். விதியில் "அதிகபட்சம் 10" என்று இருந்தால் எட்டோடு நிறுத்தலாம். "10 படங்கள்" என்றே இருந்தால் பத்தும் தேற வேண்டும்.

ஆர்டருக்கு வரைந்த உருவப்படம், கட்சி பேனர், கல்யாண மேடைப் பின்னணி, பள்ளிச் சுவர் ஓவியம் எதுவும் இதில் வரக்கூடாது. அவை உங்கள் பிழைப்பு. வருமானக் கட்டத்தில் நேர்மையாக எழுதுங்கள். படைப்பாக அனுப்பினால் வணிகக் கலைஞர் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

6. படம் எடுங்கள்

இந்த ஒரு படியில் கூடுதலாகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பலன் உண்டு. நடுவர் உங்கள் ஓவியத்தைப் பார்க்கப் போவதில்லை; புகைப்படத்தைத்தான் பார்க்கப்போகிறார்.

எப்போது: சட்டம் போடுவதற்கு முன், கண்ணாடி மாட்டுவதற்கு முன், வார்னிஷ் அடிப்பதற்கு முன். சட்டம் ஓரத்தில் நிழல் போடும்; கண்ணாடியும் வார்னிஷும் ஒளியைத் திருப்பி அடிக்கும்.

எங்கே: சேலம் வெயிலில் நேராக வைத்து எடுக்காதீர்கள். கேன்வாஸின் இழை நிழல் விழுந்து ஓவியம் சொரசொரப்பாகத் தெரியும். வடக்குப் பார்த்த திண்ணையில், வெயில் நேரடியாகப் படாத நிழலில், காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் எடுங்கள். பக்கத்துச் சுவர் பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் அந்த நிறம் படத்தில் ஏறும். ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி மறையுங்கள். ஏற்காட்டில் மேகம் மூடிய நண்பகல் அருமையான ஒளி, எந்த விளக்கும் வேண்டாம். ஆனால் மலையின் ஈரத்தில் தாள் அலை அலையாக வளையும். முந்தின இரவு இரண்டு தட்டையான பலகைக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். கேன்வாஸ் தொய்ந்திருந்தால் பின்பக்க மூலை ஆப்புகளை மெதுவாகத் தட்டி இறுக்கிவிட்டு எடுங்கள்.

விளக்கு வைத்து எடுப்பதானால், ஒரே வகை எல்இடி இரண்டு, நிற வெப்பநிலை 5,000 முதல் 5,500 கெல்வின் வரை (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை). ஓவியத்துக்கு இரு பக்கமும் 45 டிகிரியில், ஓவியத்தின் நீளப் பக்கத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில். 4 அடி ஓவியத்துக்கு 8 அடி. அறையின் மற்ற விளக்குகளை அணைத்து ஜன்னலை மூடிவிடுங்கள். இரண்டு நிற ஒளி கலந்தால் பிறகு எந்தத் திருத்தத்திலும் சரியாகாது. ஒளி சமமாக விழுகிறதா என்று பார்க்க, ஓவியத்தின் நடுவில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நீட்டிப் பிடியுங்கள். இரு பக்க நிழலும் ஒரே நீளம், ஒரே கருமை என்றால் சரி.

கேமரா: முக்காலியில், லென்ஸ் ஓவியத்தின் மையத்துக்கு நேரே. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, டைமர் வைத்துச் சொடுக்குங்கள். கைப்பேசி என்றால் அகலக் கோண லென்ஸ் வேண்டாம். தனி டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தால் அதில், இல்லாவிட்டால் முதன்மை லென்ஸில் கொஞ்சம் பின்னால் நகர்ந்து எடுங்கள். கிட்டே நின்று அகலத்தில் எடுத்தால் ஓரங்கள் வளைந்து சதுரம் பீப்பாயாகும். நேராக இருக்கிறதா என்று அறிய ஓவியத்தின் நடுவே ஒரு சிறு கண்ணாடியைத் தட்டையாக வைத்துக் கேமரா வழியே பாருங்கள். கண்ணாடியின் நடுவில் உங்கள் லென்ஸ் தெரிந்தால் கோணம் சரி.

முதல் ஷாட்டில் ஓவியத்தின் ஓரத்தில் சாம்பல்நிற அட்டை ஒன்றை வைத்து எடுங்கள். கணினியில் அந்த அட்டையைத் தொட்டு வெள்ளைச் சமநிலை அமைத்தால் மற்ற எல்லாப் படத்துக்கும் அதே அளவு பொருந்தும். நிழலில் எடுத்த படங்களில் ஏறும் நீலச் சாயம் இதனால் போய்விடும்.

எண்ணெய் ஓவியம் பளபளத்தால் விளக்கை இன்னும் பக்கவாட்டுக்குக் கொண்டுபோங்கள். அப்படியும் போகாவிட்டால் லென்ஸுக்குப் போலரைசர் ஃபில்டர்.

சிற்பத்துக்குச் சாம்பல் அல்லது வெள்ளைத் துணியை மேலிருந்து தரைவரை மடிப்பில்லாமல் வளைத்துவிட்டு, ஒரு பக்கம் பிரதான விளக்கு, மறுபக்கம் வெள்ளைத் தெர்மோகோல் பலகை. முன்னால், பக்கவாட்டில், முக்கால் கோணத்தில் என மூன்று. பின்னால் தோட்டமும் துணி காயும் கொடியும் தெரியக்கூடாது.

திருத்தும்போது ஓவியத்தின் விளிம்புவரை வெட்டுங்கள். சுவர், சட்டம், கையெழுத்துப் பட்டை, வாட்டர்மார்க் எதுவும் வேண்டாம். நிறத்தை அழகாக்காதீர்கள், ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே திருத்துங்கள். நீளப் பக்கம் 4,000 பிக்சலில் மூலப்பிரதி ஒன்று, அறக்கட்டளை கேட்கும் அளவில் ஜேபெக் நகல் ஒன்று, எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில். நண்பருக்கு அனுப்பித் திருத்தி வாங்குவதானால் வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

7. படப்பட்டியல்

ஒவ்வொரு படத்துக்கும் எண், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. அளவைச் சென்டிமீட்டரில், உயரம் முதலில், அகலம் அடுத்து. நாம் 3×4 அடி என்று பேசுவதை உயரம் 91, அகலம் 122 சென்டிமீட்டர் என்று எழுத வேண்டும். மாற்றிப்போட்டால் படுத்த ஓவியம் நின்ற ஓவியமாகிவிடும். கோப்பின் பெயரில் உள்ள எண்ணும் பட்டியலின் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.

8. கணக்குப் போடுங்கள்

"5 லட்சம் தேவை" என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். கீழிருந்து மேலே கூட்டிக்கொண்டு வாருங்கள். எடுத்துக்காட்டாக, ஓராண்டு:

கேன்வாஸ் 12, ஒன்று 3,500 வீதம் 42,000. வண்ணம் மாதம் 4,000 வீதம் 48,000. தூரிகை, எண்ணெய், மற்றவை 18,000. தாள் 12,000. பொருள் மொத்தம் 1,20,000 ரூபாய்.

வேலை செய்யும் இடத்துக்கு வாடகை மாதம் 6,000 வீதம் 72,000. வீட்டுச் செலவு மாதம் 15,000 வீதம் 1,80,000. படைப்புகளைப் புகைப்படமெடுத்து ஆவணப்படுத்த 15,000. சென்னை போய்வர 12,000. ஆக மொத்தம் 3,99,000.

வீட்டுச் செலவைச் சேர்க்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் தேவையில்லை. விதி அனுமதித்தால் சேருங்கள். ஓவிய வகுப்பு எடுக்கும் நேரத்தை மிச்சப்படுத்தி வரைவதற்கே அந்தப் பணம். மாறாக, போலக்-கிராஸ்னர் விதியில் பழைய கடன், வழக்குச் செலவு, இடம் வாங்குவது ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது. நகைக்கடனை மீட்பதை எழுதினால் அந்த வரிக்காகவே பின்தங்கிவிடுவீர்கள்.

செயல்திட்ட நிதி என்றால் ஒவ்வொரு செலவும் திட்டத்தின் ஒரு வேலையோடு பொருந்த வேண்டும். ரூபாயில் கணக்கு முடித்த பிறகு டாலருக்கு மாற்றி, எந்தத் தேதியின் மாற்று விகிதம் என்று குறிப்பிடுங்கள். இடைவங்கிக் கட்டணம் கழியும் என்பதால் கடைசி ரூபாய்வரை இறுக்கிப்பிடித்துக் கணக்குப் போடாதீர்கள்.

9. இப்போது எழுதுங்கள்

படங்களைத் திரையில் வரிசையாக வைத்துக்கொண்டு எழுதுங்கள். படத்தில் இல்லாததை எழுத்தில் சொல்லாதீர்கள்.

"என் ஓவியங்கள் மனித வாழ்வின் வலியையும் இயற்கையின் அழகையும் வெளிப்படுத்துகின்றன" என்ற வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். "அம்மாபேட்டைத் தறிக்கூடங்களில் நூல் இழைக்கும் பெண்களின் கைகளை மூன்று ஆண்டுகளாகக் கரியில் வரைகிறேன். தாளைக் கஞ்சியில் நனைத்துக் காயவைத்த பிறகே வரைவதால் கோடு பாவு நூலைப் போல விறைத்து நிற்கிறது" என்பதை ஒருவர்தான் எழுத முடியும். என்ன வரைகிறீர்கள், எதில், எப்படி, அடுத்த ஓராண்டில் என்ன செய்வீர்கள். இந்த நான்கும் இருந்தால் போதும்.

ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் தமிழில் எழுதி முடித்துவிட்டு மாற்றுங்கள். பாவு, தறி, கரடு போன்ற ஊர்ச்சொற்களை விட்டுவிடாமல் பக்கத்தில் நான்கு சொல்லில் விளக்குங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டதை ஆங்கிலம் தெரிந்த ஒருவர் ஒருமுறையாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

பணத்தேவையை எழுதும்போது எண்களோடு எழுதுங்கள். மாத வருமானம், வாடகை, வீட்டில் எத்தனை பேர். கெஞ்சும் தொனி வேண்டாம். அதைப் படிக்கிறவருக்கு வேண்டியது நிலவரம் மட்டுமே.

10. பரிந்துரைக் கடிதம்

கவுன்சிலர், எம்எல்ஏ, பள்ளித் தலைமையாசிரியர் கடிதம் இங்கே செல்லாது. உங்கள் படைப்பைப் பற்றிப் பேசத் தெரிந்தவர் வேண்டும்: எழும்பூர் அல்லது கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி ஆசிரியர், உங்கள் காட்சியை அமைத்தவர், மூத்த ஓவியர். நான்கு வாரம் முன்னதாகக் கேளுங்கள். படங்களையும் நீங்கள் எழுதியதையும் கூடவே அனுப்புங்கள். இல்லாவிட்டால் "நல்லவர், உழைப்பாளி" என்ற கடிதம்தான் வரும்.

11. அனுப்புங்கள்

இணையப் படிவத்தில் நேரடியாக எழுதாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் எல்லாம் போகும். தனிக் கோப்பில் எழுதிச் சொல் எண்ணிக்கை பார்த்து ஒட்டுங்கள்.

கடைசி நாள் நியூயார்க் நேரப்படி நள்ளிரவு என்றால் நமக்கு மறுநாள் காலை 9.30, அங்கே குளிர்காலம் என்றால் 10.30. அதை நம்பிக் காத்திருக்காமல் மூன்று நாள் முன்னதாகவே முடியுங்கள். ஏற்காட்டு எஸ்டேட்களில் சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடத்தில் இருந்தால், பெரிய கோப்புகளை ஏற்றக் கீழே சேலத்துக்கு இறங்கிவிடுவதே உத்தமம்.

மேலே சொன்ன அறக்கட்டளைகள் எதுவும் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. "உங்கள் நிதி தயார், செயலாக்கக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால் பணம் கட்டாதீர்கள்.

12. பதில் வந்த பிறகு

கிடைத்தால், நிதிக் கடிதத்தின் நகலோடு அந்நியச் செலாவணி கையாளும் வங்கிக் கிளைக்குப் போங்கள். எல்லாக் கிளையிலும் அந்த வசதி இராது. வெளிநாட்டுப் பணம் வந்துசேர வங்கிக்குள்ள ஸ்விஃப்ட் எண்ணையும், எதற்காக வந்த பணம் என்று காட்டும் எந்த நோக்கக் குறியீட்டில் அது பதிவாகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் வந்ததும் அதற்கான வரவுச் சான்றிதழை எழுதிக் கேட்டு வாங்குங்கள். இந்திய அறக்கட்டளை டிடிஎஸ் பிடித்திருந்தால் எந்தத் தலைப்பில் பிடித்தார்கள் என்று பாருங்கள். நிதியாகத் தந்ததா, தொழில்முறைக் கட்டணமாகத் தந்ததா என்பதைப் பொறுத்து வரி மாறும். ஆடிட்டரிடம் கடிதத்தையே காட்டுங்கள்.

நிதிப்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, செலவழிக்கும் அன்றே பில்லைக் கோப்பில் போடுங்கள். லீ பஜாரில் கட்டை வாங்கினாலும் தேதி போட்ட பில் கேளுங்கள். வெப்பத்தாளில் அச்சான பில்கள் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், அன்றே நகலெடுங்கள். ஆண்டு முடிவில் அறிக்கை எழுதும்போது, முதல் மாதத்திலிருந்து எடுத்த வேலைப்படங்கள் கையில் இருக்க வேண்டும்.

கிடைக்காவிட்டால் பெரும்பாலும் காரணம் சொல்லமாட்டார்கள். மீண்டும் எப்போது விண்ணப்பிக்கலாம் என்ற விதியைப் பார்த்து நாட்காட்டியில் குறியுங்கள். அடுத்த முறை அதே படங்களை அனுப்பாமல், இடையில் செய்த புது வேலைகளில் குறைந்தது பாதியைச் சேருங்கள். பெயர்த் தாள்கள், தன்விவரம், படப்பட்டியல் எல்லாம் தயாராக இருப்பதால் இரண்டாம் முறைக்கு மூன்று வாரம் போதும்.